ஓராண்டில் இருபதாயிரம் ராமானுஜன்கள்

2024 மே மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்தது. கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். அதற்கு முந்தைய வருஷம், 2023-இல், 3,649 பேர். அடுத்த வருஷம், 2025-இல், 1,996 பேர். இந்த மூன்று எண்ணையும் ஒரு கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்துச் சேர்த்தால் செங்குத்தாக ஒரு மலை எழும்பி, மறுபக்கம் படுபாதாளத்தில் இறங்கும். தமிழ்நாட்டின் கணித மூளை ஒரே வருஷத்தில் ஐந்தரை மடங்குக்கு மேல் வீங்கி, மறு வருஷமே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வற்றியிருக்கிறது. ஊரில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலே சுகாதாரத் துறை தண்ணீர் எடுத்துச் சோதிக்கும். இவ்வளவு பெரிய மூளை வீக்கத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீராவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

பிள்ளைகள் மாறவில்லை. எல்லா வருஷமும் எழுதுவது ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர்தான். புத்தகம் 2019-இல் வந்த அதே புத்தகம். மாறியது வினாத்தாள் ஒன்றே. வினாத்தாள் எடுத்தவர் நல்ல காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் இருபதாயிரம் மேதைகள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டாயிரம் மேதைகள். இந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பிள்ளைக்கு பதினோராம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா, தேர்ட் குரூப்பா, கிடைக்கவே கிடைக்காதா என்று முடிவு செய்கிறார்கள். இதே எண்ணை வைத்துத்தான் சி.டி.எச். ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள்.

மே மாதத்தில் பாடியில் இறங்கி ஆவடி செக்போஸ்ட் வரைக்கும் போய்ப் பாருங்கள். இல்லை, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் குமணன்சாவடி வரைக்கும் போங்கள். அரசியல் கட்சிக்காரன் தோற்றுப்போவான். நடுவில் தாளாளர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். அவருக்குப் பக்கத்தில் அவர் மகன், கல்விக் குழும இயக்குநர், கோட்டு போட்டுக்கொண்டு. நூறு வாங்கிய பிள்ளைகள் அந்த இருவரின் காலடியிலும் ஸ்டாம்பு சைஸில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. 2017-இல் தமிழக அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு மன உளைச்சல் வரக் கூடாது என்றார்கள். நல்ல காரியம். அந்த அரசாணை ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த ஃப்ளெக்ஸில் கொட்டை எழுத்தில் ‘100% தேர்ச்சி’ என்று ஒரு வரி இருக்கும். அதை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதற்குப் பின்னம் தெரிந்தால் போதும். ஒரு பின்னத்தின் மதிப்பை ஒன்றாக்க இரண்டு வழி இருக்கிறது. மேலே உள்ள தொகுதியைக் கூட்டலாம். அதற்குப் பாடம் நடத்த வேண்டும், புரியாத பிள்ளையோடு உட்கார வேண்டும், வருஷக்கணக்கில் மெனக்கெட வேண்டும். கீழே உள்ள பகுதியைக் குறைக்கலாம். அதற்கு ஒரு டி.சி. போதும்.

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு கை கழுவிவிடுகிறது. எனவே அறுவடை ஒன்பதாம் வகுப்பில். ஏப்ரல் மாதம், ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, அப்பாவுக்கு போன் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டராக இருக்கும் மனிதர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, கையில் இன்னும் கட்டிங் ஆயில் வாசனையோடு, பிரின்சிபால் அறைக்கு வெளியே சோபா நுனியில் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் முக்கியமில்லை. அந்த சோபாவில் வருஷா வருஷம் ஆள் மாறுகிறார்கள், பேச்சு மாறுவதில்லை.

“உங்க பையன் ரொம்ப நல்ல பையன் சார். டிசிப்ளின்ல ஒரு குறை சொல்ல முடியாது. மேத்ஸ்தான் கொஞ்சம்… டென்த்ல இங்க பிரஷர் ஜாஸ்தி. அவனால தாங்க முடியாது. கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டீங்கன்னா ஈசியா பாஸ் பண்ணிடுவான்.”

“எல்.கே.ஜி.ல இருந்து இங்கதானே மேடம் படிக்கிறான்?”

“அதனாலதான் சார் உங்களைக் கூப்பிட்டு பர்சனலா சொல்றோம்.”

என்ன கரிசனம்! எல்.கே.ஜி., யு.கே.ஜி., பிறகு ஒன்பது வகுப்பு. பதினோரு வருஷம் ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள். ஸ்மார்ட் கிளாசுக்குத் தனி, அபாகஸுக்குத் தனி, வேத கணிதத்துக்குத் தனி. (வேதம் எதிலும் இல்லாத, 1965-இல் அச்சான ஒரு புத்தகத்தில் மட்டுமே இருக்கிற கணிதம் அது. வேதத்தின் பெயரைச் சொன்னால் ஃபீஸ் கட்டும் கை தயங்காது.) பதினோரு வருஷமும் பிராகிரஸ் ரிப்போர்ட்டில் ‘குட்’, ‘கேன் டூ பெட்டர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், பையனுக்குக் கணக்கு வரவில்லை என்பதைச் சரியாகப் பதினோராவது வருஷக் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். வரவில்லை என்றால் யார் வரவழைத்திருக்க வேண்டும்? பதினோரு வருஷமாக ரிப்பேர் செய்கிறேன் என்று காசு வாங்கிய மெக்கானிக், கடைசியில் வண்டி சரியில்லை, வேறு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போ என்றால் ஆவடியில் அவன் கடை மறுநாள் திறந்திருக்குமா? இங்கே அப்பா நன்றி சொல்லிவிட்டு எழுந்து போகிறார். அந்த நன்றிதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

தள்ளப்படாமல் தங்கிய பிள்ளைகளாவது கணக்கு கற்றுக்கொள்கிறார்களா? ஜனவரிக்கு மேல் எந்தப் பள்ளியின் காம்பவுண்டு சுவர் ஓரமாக நடந்தாலும் சரி, டியூஷன் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குக் கீழே நின்றாலும் சரி, இது காதில் விழும்: “எட்டு, பூஜ்ஜியம், மைனஸ் ஆறு, மைனஸ் பத்து, மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பத்து, மைனஸ் ஆறு, பூஜ்ஜியம், எட்டு.” சஷ்டி கவசம் இல்லை. எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் பன்னிரண்டு என்ற இருபடிக் கோவைக்கு, மைனஸ் ஐந்திலிருந்து நான்கு வரை மதிப்புப் போட்டால் வரும் எண்கள். போட்டுப் பார்த்து வந்ததல்ல, நோட்டைப் பார்த்து உருப்போட்டது. எட்டு மார்க்.

இப்போது அதே கணக்கில் நடுவிலுள்ள பிளஸ்ஸை மைனஸ் ஆக்கிக் கொடுங்கள். பிள்ளை அதே பத்து எண்ணைச் சொல்லி, அதே வளைவரையை அதே இடத்தில் வரையும். குறி மாறினால் வளைவரை ஒய் அச்சின் மறுபக்கம் போய் உட்காரும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கேல் எந்த மூலையில் எழுத வேண்டும், பென்சில் எவ்வளவு கூராக இருக்க வேண்டும், அம்புக்குறி விட்டுப்போனால் எத்தனை அரை மார்க் போகும் என்பது மட்டும் அத்துப்படி. இறங்கிய அதே படிகளில் எண்கள் திரும்ப ஏறி வருகின்றனவே, ஏன் மிஸ் என்று ஒரு பெண் கேட்டால், அந்த வகுப்பறையில் அன்றுதான் கணிதம் முதல்முதலாகக் காலெடுத்து வைத்தது என்று பொருள். அதற்குக் கிடைக்கும் பதில்: “போர்ஷன் முடிக்கணும், உக்காரு.”

மனப்பாடம் நம் மரபுதானே என்று ஒருவர் கிளம்பி வருவார். வரட்டும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டார்கள், உண்மை. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 என்று கீழ்வாய் இலக்கம் நாக்கில் புரளும். அந்தத் திண்ணையில் யாரை உட்கார வைத்தார்கள், யாரைத் தெருவிலேயே நிறுத்தினார்கள் என்பதும் நமக்குத் தெரியும், அதனால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டாம். ஆனால் அங்கே உருப்போட்டது நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் வட்டி பார்க்கவும் உதவியது. நம் பிள்ளை உருப்போட்ட பரவளையம், கணிதப் பரீட்சை முடிந்து பள்ளி வாசலில் ஐஸ் வாங்கித் தின்பதற்குள் காணாமல் போய்விடும்.

அரசுப் பள்ளியில் வித்தை வேறு. அங்கே பகுதியைக் குறைக்க வழியில்லை. யார் வந்து நின்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் துரத்தப்பட்ட அந்தப் பையனும் ஜூனில் அங்கேதான் வந்து நிற்பான். ஆகவே அங்கே இலக்கு நூறு அல்ல, முப்பத்தைந்து. வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வி பதினான்கு, இரண்டு மார்க்கில் பத்து, ஐந்து மார்க்கில் பத்து, கடைசியில் எட்டெட்டு மார்க்குக்கு ஒரு வடிவியலும் ஒரு வரைபடமும். வடிவியல் எட்டு, கிராஃப் எட்டு, புத்தகத்தின் பின்பக்க ஒன் வேர்டில் தட்டுத் தடுமாறி ஒன்பது, இரண்டு மார்க்கில் ஐந்து கேள்வி எழுதினால் பத்து. மொத்தம் முப்பத்தைந்து. மினிமம் மெட்டீரியல் என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உறவுகளும் சார்புகளும் போயிற்று, முக்கோணவியல் போயிற்று, நிகழ்தகவு போயிற்று. அந்தப் பிள்ளை பத்து வருஷத்தில் உருப்படியாகக் கற்ற கூட்டல் கணக்கு இந்த முப்பத்தைந்துதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துறை சூட்டியிருக்கும் பெயர் ‘மெல்ல மலரும் மாணவர்’. பெயரில் குறையில்லை. மலர்வதற்கு இடம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்தால், மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பில் அதே கிராஃப்.

அந்த வாத்தியாரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டால் விரலைத் தேடும் பையனுக்கு அவர் கூட்டுத் தொடர்வரிசை நடத்தியாக வேண்டும். நடுவில் எமிஸ் என்ற துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம், சைக்கிள் வந்த கணக்கு, பை வந்த கணக்கு, போட்டோ எடுத்து அனுப்பு என்று மேலிருந்து வரும் வாட்ஸ்அப். தேர்ச்சி குறைந்தால் மீட்டிங்கில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். “உங்க சப்ஜெக்ட்ல ஏன் சார் இவ்வளவு ஃபெயில்?” உங்கள் பத்தாம் வகுப்பில் எத்தனை பேருக்குப் பின்னத்தைக் கூட்டத் தெரியும் என்று அந்த மேடையில் இருந்து ஒருவரும் கேட்க மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பதில் ஒரு வகையில் வந்தும்விட்டது. 2025-இல் அரசே ‘திறன்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் அடிப்படைத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வராதவர்களைக் கண்டுபிடித்துத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்காக. வேண்டிய திட்டம், தாமதமான திட்டம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அடிப்படைக் கணக்கைத் தனியாகச் சொல்லித்தர வேண்டிய நிலை இருக்கிறது என்று ஒரு கையால் எழுதிய அதே துறை, அதே வருஷம் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காடு தேர்ச்சி என்று இன்னொரு கையால் எழுதியது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

வெளியாள் வந்து அளந்தபோது என்ன தெரிந்தது என்பதையும் சொல்லிவிடலாம், பழைய கதை என்றாலும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடக்கும் ‘பிசா’ தேர்வுக்கு இந்தியா ஒரே ஒரு முறை போயிருக்கிறது. நாட்டிலேயே படிப்பில் முன்னால் நிற்பவை என்று நம்பி அனுப்பியது இரண்டு மாநிலங்களை: தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம். முடிவு 2011 டிசம்பரில் வந்தது. கணிதத்தில் 74 இடங்களில் தமிழ்நாடு 72. ஷாங்காய் 600 எடுத்த இடத்தில் நாம் 351. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அடிப்படை மட்டத்தைத் தொட்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர். நமக்குக் கீழே இமாச்சலும் கிர்கிஸ்தானும் இருந்தன என்பதைத் தவிர ஆறுதலுக்கு எதுவும் இல்லை.

அதே 2011, அதே டிசம்பர், இதே சென்னை. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் இங்கே வந்து, ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 இனி தேசியக் கணித நாள் என்று அறிவித்தார். அங்கதம் எழுதுகிறவனுக்கு அரசாங்கம் வேலையே வைப்பதில்லை.

பிசா முடிவுக்குத் தில்லி சொன்ன விளக்கம், கேள்விகள் நம் சமூகப் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது. 2012-க்குப் போகவில்லை. 2015, 2018 இரண்டுக்கும் போகவில்லை. 2019-இல், அடுத்த தேர்வுக்கு வருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போன அந்தத் தேர்வுக்கும் போகவில்லை. பரீட்சை அன்று வயிற்று வலி வரும் பிள்ளையின் முதுகில் நாம் இரண்டு வைப்போம், நாட்டுக்கே வந்தால் அதற்குப் பெயர் கொள்கை. அப்படி என்ன பண்பாட்டுக்கு ஒவ்வாத கேள்வி கேட்கிறார்கள் என்று பிசா முன்பு வெளியிட்ட மாதிரி வினாக்களில் ஒன்றைப் பாருங்கள். ஒரு தச்சரிடம் 32 மீட்டர் மரச்சட்டம் இருக்கிறது. தோட்டப் பாத்தியைச் சுற்றி அடிக்க வேண்டும். கொடுத்துள்ள நான்கு வடிவங்களில் எவற்றுக்கு அந்த மரம் போதும்? திருவேற்காட்டில் எந்த ஆசாரியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பீடியை அணைக்காமலே பதில் சொல்வார். அவருடைய பண்பாட்டில் இது எங்கேயும் இடிக்கவில்லை. தில்லியில் இடிக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையனின் அப்பா எழுந்து எஸ்டேட்டுக்குத் திரும்பினாரே, அவரைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போகலாம். அவரும் பத்தாவதில் கணக்கில் போனவர்தான். சக்கில் ஒரு ஜாப் மாட்டியிருக்கிறது. ஒரு முனையில் விட்டம் 40 மில்லிமீட்டர், மறுமுனையில் 30, நடுவில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சரிவு. “பத்து இறங்குது. சைடுக்கு அஞ்சு. அம்பதுக்கு அஞ்சுன்னா பத்துல ஒண்ணு.” சொல்லிக்கொண்டே சுவரில் எண்ணெய் படிந்து ஒட்டியிருக்கும் சார்ட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார். ஐந்து டிகிரி 43 நிமிடம். காம்பவுண்ட் ஸ்லைடை ஆறு டிகிரிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே திருப்பி போல்ட்டை இறுக்குகிறார். ஜாப் முடிந்ததும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறார். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு தப்பினாலும் ரிஜெக்ட், சம்பளத்தில் இடிக்கும்.

அவர் செய்தது முக்கோணவியல். டேன் தீட்டா. அவர் மகனுக்கு அதே டேன் தீட்டாவைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏற்றி, கீழே இரண்டு கப்பல்களை நிறுத்தி, ரூட் 3-இன் மதிப்பு 1.732 என்று கொடுத்து நடத்தினார்கள். நம் பாடப்புத்தகக் கோபுரங்கள் பெரும்பாலும் 30, 45, 60 டிகிரிக்கு மட்டுமே தலை சாய்ப்பவை. பள்ளியின் பின்னாலேயே மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஒரு புரொட்ராக்டர், ஒரு நூல், நூலில் கட்ட ஒரு கல், அரை மணி நேரம் இருந்தால் அதன் உயரத்தைப் பிள்ளைகளே அளந்துவிட்டு வரலாம். கூட்டிக்கொண்டு போனால் ‘கிளாஸ் கன்ட்ரோல் இல்லை’ என்று மெமோ வரும்.

இரண்டு கணிதமும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் வாழ்கின்றன என்பது என் கற்பனை இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளைச் சோதித்து 2025-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே சரியாகப் போட்ட பிள்ளைகள், அதையே பள்ளிக் கணக்காகத் தாளில் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ தாளில் போட்டதைச் சந்தையில் போட முடியாமல் விழித்தார்கள். பள்ளிக்கும் தெருவுக்கும் நடுவில் காம்பவுண்டு சுவர் கட்டியவர்களுக்கு இது வெற்றிச் செய்தி.

ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம், டிசம்பர் 22 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டு, ரங்கோலியில் பை வரைந்து, தாளாளரைப் பேச வைக்கிறார்களே, அதனால். கும்பகோணத்திலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கணிதம் தவிர மற்ற பாடங்கள் ஏறவில்லை. இன்று முகப்பேரில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தால் ஏப்ரலில் அந்த சோபாவில் அவர் அப்பா உட்கார்ந்திருப்பார். ரிசல்ட்டைக் கெடுக்கும் பையன். அவர் படித்ததும் ஒரு கைடுதானே என்று நோட்ஸ் வியாபாரி ஒருவர் மடக்கலாம். ஆமாம், கார் என்பவர் எழுதிய தொகுப்பு நூல், எழுதியவரே லண்டனில் டியூஷன் எடுத்தவர்தான். ஏறக்குறைய 5,000 முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. பையன் தானே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் கைடில் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. பையனுக்கு மிச்சம் இருப்பது கை வலி மட்டும்.

ஃப்ளெக்ஸ் பார்க்கப் போன ஆவடியைப் பற்றி இன்னொன்று. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. எழுபது வருஷத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் கணக்கு மார்க்கை வைத்துப் பிள்ளைகளை ஏ செக்ஷன், பி செக்ஷன், சி செக்ஷன் என்று பிரிக்கிறார்கள். ஏ செக்ஷனுக்கு ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன், சீனியர் சார், ஏசி. சி செக்ஷனுக்கு அந்த வருஷம்தான் பி.எட். முடித்துவிட்டு வந்த மிஸ். எஸ்டேட்டில் ஹெல்ப்பர் வாங்குவதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர். ஏப்ரல், மே மாதங்களில் அவரே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாபிராமில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். இலக்கு வைத்திருப்பார்கள், பிடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவருக்குக் கற்பித்தல் முறைப் பயிற்சி கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

பதினோராம் வகுப்பு விவகாரம் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருஷம் நடத்தின. அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூவில் கணிதத்தில் சென்டம் வாங்கி, பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத்திலேயே அரியர் வைத்தார்கள். இதைத் தடுக்க 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போயிற்று. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பாரம் என்றார்கள். பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருட்டைத் தடுக்க வைத்த பூட்டைக் கழற்றும்போது திருடன் திருந்திவிட்டானா என்று ஒரு வார்த்தை விசாரிக்கும் வழக்கம் உண்டு. விசாரித்தார்களா? பிளஸ் ஒன் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் புத்தம் புதிதாகவே இருக்கும், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும்.

பள்ளி கைவிட்டால் ஆப் இருக்கிறது என்றும் சொன்னார்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பதில் உலகத்துக்கே முன்னோடி என்று கிரிக்கெட் வீரர்களின் நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்த பைஜூஸ், தன் சொந்தக் கணக்கை ஒன்றரை வருஷம் தாமதமாகத் தாக்கல் செய்தது. 2020-21-இல் நஷ்டம் 4,588 கோடி ரூபாய். 2023 ஜூனில் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஈ.எம்.ஐ.யில் டேப்லெட் வாங்கிய வீடுகளில் கழித்தல் கணக்கு மட்டும் எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது.

என்ன செய்யலாம் என்று தெரியாமல் இருந்தால்கூட மன்னிக்கலாம். தெரியும். 2005-இல் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றிய ஆய்வறிக்கையைத் தயாரித்த குழுவின் தலைவர், இதே சென்னையில், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். பிள்ளைகளின் பயம், ஏமாற்றமளிக்கும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான மதிப்பீட்டு முறை, ஆசிரியருக்குத் துணையின்மை என்று நோயைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன், பழைய தாளையும் குச்சியையும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வரவழைக்க முடியும் என்று வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டினார். ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் வைத்தார். 2005-இல் போய்விட்டார். நம் கல்வித் தந்தைகளின் எந்த ஃப்ளெக்ஸிலும் அவர் படத்தை நான் பார்த்ததில்லை. அவர் ஃபீஸ் வாங்கவில்லை.

எனவே, அடுத்த பொதுத்தேர்வுக்கு என் பங்குக்கு ஒரு வினா எழுதித் தருகிறேன். வினா எண் 42, கட்டாய வினா. தாளாளர்கள், முதன்மைக் கல்வி அலுவலர்கள், செயலர்கள், அமைச்சர்கள் எல்லாரும் எழுத வேண்டும். கால்குலேட்டர் அனுமதி உண்டு.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 180 பேர் படித்தனர். மறு ஆண்டு அதே பள்ளியிலிருந்து 150 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர். 150 பேரும் தேர்ச்சி பெற்றனர். (அ) பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காண்க. (ஆ) மீதி 30 பேரைக் காண்க.

(ஆ) பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து கேட்கப்பட்டது என்று புகார் வந்தால், வினா எண்ணை மட்டும் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் வழங்கப்படும்.